அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி பில்லில் கழிந்தபின் மிச்சப் பணம் எப்போது கைக்கு வரும்?

பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும், பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை), மத்திய அரசின் மாணவர் கடன் இரண்டுமே பெரும்பாலும் கல்லூரிக் கணக்கில்தான் முதலில் விழும். கல்விக் கட்டணமும், கல்லூரி விடுதியில் தங்கினால் அறை, சாப்பாட்டுச் செலவும் அதில் கழியும். பார்க்கிங் அபராதம் போன்றவற்றைக் கழிக்க உங்கள் சம்மதம் வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் அது இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

பில் 6,000 டாலர், உதவி 7,500 என்றால் மிச்சம் 1,500. அதை 14 நாளுக்குள் கல்லூரி கொடுத்தாக வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே மிச்சம் விழுந்திருந்தால், தொடங்கிய நாளிலிருந்து கணக்கு.

சரி, கையில் வந்துவிட்டதே என்று செலவழித்துவிடாதீர்கள். கடனில் வந்த மிச்சத்துக்கு வட்டி உண்டு. தேவையில்லாததை 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் அந்தத் தொகைக்கு வட்டியில்லை. அப்புறம், பருவத்தில் 60 சதவீதம் கடக்கும் முன் எல்லா வகுப்புகளையும் விட்டால் உதவியில் ஒரு பங்கு அரசுக்கே திரும்பப் போகும். அதனால் கட்டணத்தில் விழும் பள்ளத்துக்குக் கல்லூரி உங்களிடமே பில் நீட்டும்.