பக்கத்து நிலத்தில் 1,200 வீடுகள்: எங்கே, எப்போது ஆட்சேபிப்பது?

கேள்வி: சென்னை மேடவாக்கம் பக்கம் தனி வீடுகள் உள்ள தெருவில் இருக்கிறோம். எங்களை ஒட்டிய காலி நிலத்தில் 1,200 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வருவதாக விளம்பரம் வந்துவிட்டது. சங்கத்தில் பாதிப் பேர் எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், நம் மனை விலை ஏறும், விடுங்கள் என்கிறார்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்? எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள், அது நடக்காது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 1,200 வீடுகள் அந்த அளவை எளிதாகத் தாண்டும். ஆனால் அதே அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆயிரம் குடும்பங்கள் வந்து சேரும்போது ஏற்கெனவே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றும். சட்டம் இப்போதைக்கு அப்படித்தான்.

முதலில் அந்த விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். ரெரா, அதாவது வீட்டு விற்பனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா? இருந்தால் திட்ட அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அனுமதி ஆணையும் வரைபடமும் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே கிடைக்கும். எண் இல்லாமல் விளம்பரம் செய்திருந்தால் அதுவே மீறல். அங்கேயே புகார் கொடுக்கலாம்.

அப்புறம் சர்வே நம்பர். 2008 செப்டம்பரில் அறிவிக்கையான இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த நிலம் எந்த மண்டலம் என்று பாருங்கள். அப்போதே குடியிருப்பு மண்டலமாகக் குறித்திருந்தால் ‘வேண்டாம்’ என்ற ஒற்றை வாதம் எங்கேயும் நிற்காது. விவசாய மண்டலமாக இருந்து பிறகு மாற்றியிருந்தால் கதை வேறு. வகைப்பாட்டை மாற்றும்போது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்கும். யார் கண்ணிலும் படாத பக்கத்தில் அது வந்து போயிருக்கும். அந்தக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் கூடவே எடுத்து வையுங்கள். மனைக்குள் ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்பதை அந்த இரண்டு தாள்களும் சொல்லிவிடும்.

அந்த மனைக்குப் போகும் சாலையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர்கட்டடம். சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால்தான் முழு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம்) 3.25 கிடைக்கும். அகலம் குறையக் குறைய அதுவும் குறையும். 12 மீட்டருக்குக் கீழே போனால் உயர்கட்டடத்துக்கே இடமில்லை. மனையின் வாசலில் மட்டும் அகலம் இருந்தால் போதாது, 500 மீட்டர் தூரத்துக்காவது இருக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள அகலமும் தெருவில் உள்ள அகலமும் ஒன்றாக இல்லாத இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி தண்ணீர். உங்கள் பகுதியில் மற்ற எதையும்விட இதுதான் கனமான வாதம். தாழ்வான நிலம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். மனையை இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் அது வரும். அதனால் புதுக் கட்டடம் முழுகாது. சரி, இதுவரை அந்தப் பள்ளத்தில் நின்ற மழைநீர் எங்கே போகும்? உங்கள் தெருவுக்கு. அதனால் சான்றின் நகலை வாங்கி, நிரப்பப்போகும் மட்டத்தையும் உங்கள் தெருவின் மட்டத்தையும் ஒரு சர்வேயரை வைத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். 2015 வெள்ளத்தில் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்ற குறியும் புகைப்படமும் இருந்தால் இணையுங்கள். மனை பள்ளிக்கரணைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். அந்தச் சதுப்புநிலம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி தர வேண்டாம் என்று சிஎம்டிஏவுக்குச் சொன்னது. மனு எழுதும் நாளில் அந்த உத்தரவு எந்த நிலையில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் காகிதங்களோடு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதலாம். கூட்டம்தான் இல்லையே தவிர, மனு கொடுக்கத் தடை இல்லை. விண்ணப்பமும் ஆவணங்களும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

சங்கத்தில் நடக்கும் சண்டைக்கு என் யோசனை: வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுக்காதீர்கள். வடிகால், சாலை, கழிவுநீர் லாரி, ஓஎஸ்ஆர் நிலம் என்று பிரித்துப் பேசினால் மனை விலைக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள். தெரு முழுகினால் அவர்கள் மனையும் விலை போகாது. ஓஎஸ்ஆர் என்பது 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. அது பொதுப் பூங்கா. காம்பவுண்டுக்குள் வைத்துப் பூட்டி, செக்யூரிட்டியை நிறுத்தினால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பகுதி ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். அது அனுமதியைத் தடுக்காது; ஆனால் வழக்கு என்று வந்தால் கோப்பில் அது இருப்பது நல்லது.

மாஸ்டர் பிளான் தொடர்பைக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் இன்று எதிர்க்கும் கட்டடத்துக்கான முடிவு, மண்டலத்துக்கு வண்ணம் தீட்டிய அன்றே பாதி எடுத்தாகிவிட்டது. மூன்றாவது மாஸ்டர் பிளான் 2027 முதல் 2046 வரைக்கானது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ‘எங்கள் பகுதியைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதிய மனு கட்டோடு கட்டாகப் போய்விடும். இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், வரைவில் இன்ன மண்டலம், இங்கே வாய்க்கால் போகிறது, இந்தச் சாலை இத்தனை மீட்டர்தான் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனி மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.