வாசகர் கேள்வி – பதில்: புகழ் எட்டிப் பிடித்த வேளையில் நிர்வாணா

கேள்வி: நிர்வாணா என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1991 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள பாரமவுண்ட் அரங்கில் நடத்திய கச்சேரியின் பதிவை அண்மையில் பார்த்தேன். பிற்காலத்தில் பல மடங்கு பெரிய கூட்டங்களுக்கு முன்னால் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, இந்த ஒரு கச்சேரியை ரசிகர்கள் இவ்வளவு உயர்த்திப் பேசுவது ஏன்? ஓரிரவில் வந்த புகழின் பரபரப்புதான் காரணமா?

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இவர்களின் இரண்டாவது ஆல்பமான ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. அக்டோபரில், அமெரிக்க ஆல்பங்களை விற்பனைப்படி வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 144ஆம் இடத்தில் நுழைந்த அந்த ஆல்பம், 1992 ஜனவரி 11 தேதியிட்ட பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைக் கீழே இறக்கிவிட்டு முதலிடத்தைப் பிடித்தது. நீங்கள் பார்த்த கச்சேரி இந்த ஏற்றத்தின் நடுவே நிகழ்ந்தது. ஆல்பம் கடைக்கு வந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. தொலைக்காட்சி வழியாக அதிலுள்ள ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மேடையில் நின்ற மூவரும் சிறிய கிளப்புகளில் எப்படி வாசித்தார்களோ அப்படியேதான் வாசித்தார்கள். கூட்டம் மாறிவிட்டது, குழு இன்னும் மாறவில்லை என்ற அந்தக் குறுகிய இடைவெளி முழுமையாகப் பதிவாகியிருப்பதே இந்தக் கச்சேரியின் பெருமை என்று நான் கருதுகிறேன்.

ஆனால், ஓரிரவில் வந்த புகழ் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபேனும், பேஸ் கிட்டார் வாசிக்கும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் ஆபர்டீன் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி 1987இல் குழுவைத் தொடங்கினார்கள். 1989இல் வெளியான முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்கு 600 டாலருக்குச் சற்று மேல்தான் செலவானது. டிரம்ஸ் கலைஞர் டேவ் க்ரோல் 1990இல் வந்து சேர்ந்த பிறகே மூவரின் வாசிப்பும் ஒரே உடலின் அசைவாக இறுகியது. 1991 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில் பகல் நேரத்தில் வாய்ப்புக் கிடைத்த இந்தக் குழுவே, மறு ஆண்டு அதே விழாவின் முதன்மைக் குழுவாக வந்து நின்றது. புகழ் திடீரென்று வந்தது உண்மை. அதைத் தாங்கிய திறமை திடீரென்று வந்ததல்ல.

அன்றைய பாடல் வரிசையையும் கவனியுங்கள். புதிய வெற்றிப் பாடலை முதலில் பாடிக் கூட்டத்தைக் கைக்குள் போட்டுக்கொள்வது எந்தக் குழுவுக்கும் எளிது. இவர்களோ ஸ்காட்லாந்தின் வாஸலைன்ஸ் என்ற குழுவின் பாட்டை முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டை ஆறாவதாகத்தான் வைத்தார்கள். அதிகம் பேர் கேட்டிராத முதல் ஆல்பத்தின் பாட்டுகளும், 1993இல்தான் ஆல்பத்தில் இடம்பெறவிருந்த ஒரு பாட்டும் அன்று ஒலித்தன. தங்களுக்குப் பிடித்ததைக் கூட்டத்துக்கும் பிடிக்க வைத்துவிடலாம் என்ற அந்த நம்பிக்கை எனக்கு மிகவும் பிடித்தமானது.

கேள்வி: ஆல்பத்தில் கேட்கும் கனம் மேடையில் கேட்கும்போது குறைந்துவிடுகிறதே, அது குறையாகாதா?

பதில்: தயாரிப்பாளர் புட்ச் விக் ஒலிப்பதிவுக்கூடத்தில் கிட்டாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை பதிவு செய்தார், கோபேனின் குரலையும் பல இடங்களில் இரட்டித்தார். மேடையில் இருந்ததோ ஒரே ஒரு கிட்டார். அந்த ஆறாவது பாட்டில் சரணம் வரும்போது கோபேன் இரண்டே சுரங்களை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்த வெற்றிடம் முழுவதையும் நோவோசெலிக்கின் பேஸ் கிட்டாரும் க்ரோலின் டிரம்ஸும் தாங்குகின்றன. அடுத்த பகுதி தொடங்கும் கணத்தில் அவர் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கிப் பெருக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் மிதிக்க, அதுவரை ஒதுங்கி நின்ற கிட்டார் அணை உடைந்தாற்போல் பாய்கிறது. முந்தைய அடக்கம் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு இந்தப் பாய்ச்சல் பெரிதாகத் தெரியும் என்பதால், நீங்கள் குறையென்று சொல்லும் மெலிவுதான் மேடையில் அவர்களுக்குக் கைகொடுத்தது. தனி கிட்டார் பகுதி வரும்போதும் கீழே தாங்கிப் பிடிக்க இன்னொரு கிட்டார் கிடையாது. பேஸ் கிட்டாரின் ஒலி எவ்வளவு முன்னே வருகிறது என்று அங்கே கேட்டுப் பாருங்கள். குரல் சில இடங்களில் கரகரத்துப் பிசிறடிப்பதும் உண்மைதான். இரட்டிக்கப்படாத ஒரு மனிதக் குரலின் உழைப்பு அது. அதைத் திருத்திக் கேட்க நான் விரும்பமாட்டேன்.

கேள்வி: அந்தக் காலத்து மற்ற பதிவுகளைவிட இதன் காட்சி தெளிவாக இருப்பது எப்படி?

பதில்: இந்தக் கச்சேரி வீடியோ நாடாவில் அல்லாமல் 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. இதன் சில பகுதிகள் 1994இல் வெளியான தொகுப்பொன்றில் இடம்பெற்றன; முழுக் கச்சேரியும், ‘நெவர்மைண்ட்’ வெளியாகி 20 ஆண்டுகள் ஆனதையொட்டி 2011இல்தான் டிவிடியாக வந்தது. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் நேராக ஆறாவது பாட்டுக்குத் தாவிவிடாமல், முதல் பாட்டிலிருந்தே பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன்.