கைக்குழந்தையோடு வரும் கொழுந்தனார் குடும்பம்

கேள்வி: யாங்கூன் நகரத்தின் நடுவே நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. லிப்ட் கிடையாது, கரண்ட் முறை வைத்துத்தான் வரும். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறைக்குக் கொழுந்தனாரும் ஓரகத்தியும் ஐந்து மாதக் குழந்தையோடு மோல்மேனிலிருந்து வந்து பத்து நாள் தங்கப் போகிறார்கள். மாமியார் இப்போதே தேன், வசம்பு, சாம்பிராணி என்று வாங்கி அடுக்கிவிட்டார். ஓரகத்தியோ, "அதெல்லாம் பாப்பாவுக்கு வேண்டாம்க்கா" என்று போனில் என்னிடம் புலம்புகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எப்படிச் சமாளிப்பது?
— ஒரு மூத்த மருமகள், யாங்கூன்

பதில்: முதலில் ஓரகத்திக்கு இன்னொரு போன் போடுங்கள். "என்ன வாங்கி வைக்கட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றுதான் பதில் வரும். பாப்பா எத்தனை மணிக்கு எழும், எப்போது குளிப்பாட்டுவாள், ராத்திரி எத்தனை தடவை பாலுக்கு அழும் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குத் தக்கபடி உங்கள் சமையலையும் துணி துவைப்பதையும் தள்ளி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்தது மாமியார். தேன் விஷயத்தில் ஓரகத்தி சொல்வதுதான் சரி. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைக்கும் அளவுக்குக்கூடத் தேன் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் பெருகி நஞ்சைக் கக்கும். உடம்பு துவண்டு மூச்சே நின்றுபோகலாம். வீட்டில் காய்ச்சினாலும் அது சாகாது. வசம்பை உரைத்து ஊற்றுவதும் வேண்டாம். சாம்பிராணி சாமி அறையோடு நிற்கட்டும், குழந்தையின் மூச்சுக்குப் புகை ஆகாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் தடுக்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் வாய்திறந்து சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு, மகன் சொன்னால் அக்கறை. நம் வீடுகளில் இன்னும் அப்படித்தான். வந்து இறங்கிய அன்றைக்கே கொழுந்தனார், "டாக்டர் கூடாதுன்னுட்டாரும்மா" என்று சொல்லிவிடட்டும். கூடவே மாமியாருக்கு நிஜமான வேலையும் கொடுங்கள். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும் தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பதும் அவர் பொறுப்பாகட்டும். கண்ணுக்குள் மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைக்கலாம். முதல் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கக் காத்திருக்கும் கிழவியிடம் "கூடாது, கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஏப்ரல் வெயிலில் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "பிள்ளைக்கு நாக்கு வறளும், ரெண்டு ஸ்பூன் தண்ணி குடு" என்பார்கள். தாய்ப்பால் குடிக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கு எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. ராத்திரி அவள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் வைத்துவிடுங்கள். பால் கொடுப்பவளுக்கு நடுராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும். அந்த நேரத்தில் அடுத்தவர் அடுப்படியில் இருட்டில் பாத்திரத்தை உருட்ட அவளுக்குக் கூச்சமாக இருக்கும், கேட்கவும் மாட்டாள்.

திஞ்சான் நாட்களில் தெருப்பக்கம் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும். அதனால் பின்னறையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். கட்டிலைவிடத் தரைப்பாய் நல்லது. குழந்தை உருண்டு விழ வழியில்லை. தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கொசுவர்த்தி வேண்டாம், கொசுவலை போதும். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். மோட்டார் ஓடாத நேரத்துக்கென்று பிடித்து வைத்திருக்கும் டிரம்களை இறுக மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சார்ஜ் பேன் வாங்கலாம். இந்தப் பத்து நாளுக்காகக் கடன் வாங்கி ஜெனரேட்டர் வைப்பதெல்லாம் வீண்.

கீழிருந்து கூப்பிடவும் சாமான் ஏற்றவும் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறு உங்கள் வீட்டிலும் இருக்குமே, அதில் கட்டிய மணியை மத்தியானத்தில் கழற்றி வையுங்கள். கீழே யாராவது ஒருவர் இழுத்தால் போதும், ஒரு மணி நேரம் தாலாட்டித் தூங்கவைத்த குழந்தை எழுந்துவிடும்.

பண்டிகை நாட்களில் கடைகளும் கிளினிக்குகளும் மூடிக் கிடக்கும். டயப்பர், தெர்மாமீட்டர், அவர்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து எல்லாம் முன்கூட்டியே வீட்டில் இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று உங்கள் கணவர் இப்போதே விசாரித்து வைக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் கையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கட்டும். இருமல், சளி உள்ளவர்கள் எட்ட நின்றே பார்க்கட்டும். வெற்றிலை போட்ட வாயோடு முத்தம் கொடுக்க வரும் பெரியப்பாக்களை உங்கள் கணவர்தான் தடுக்க வேண்டும்.

மாமியார் நிச்சயம் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பச் சொல்வார். தண்ணீர் ஊற்றும் நாட்களில் மட்டும் குழந்தையை வெளியே எடுக்காதீர்கள். விடுமுறை முடிந்தபின் ஒருநாள் விடியற்காலையில் கார் பிடித்துப் போனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். அன்றைய சமையலைக் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் விட்டுவிடுங்கள்.