அட்டவணை போடக் கூடாத தேசம்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து குழந்தைகளைச் சுடுகிறார்கள். உலகத்துக்கே கம்ப்யூட்டர் கொடுத்த நாடு, துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஏன் எதுவுமே செய்வதில்லை?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நல்லவேளை, கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தீர்கள். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று அமெரிக்க போலீஸ் கேட்பது அங்குள்ள மத்திய அரசு அலுவலகத்தைத்தான். ஊழியர் முதலில் துப்பாக்கிக் கம்பெனியை விசாரிப்பார். அவர்கள் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார்கள், அவர் சில்லறைக் கடைக்காரரை. கடையை இழுத்து மூடியிருந்தால் அதன் விற்பனைப் பதிவேடுகள் அட்டைப்பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கே வந்து சேர்ந்திருக்கும். பெட்டிகளின் பாரத்தில் தளமே இறங்கிவிடும் என்று எச்சரிக்கை வர, வண்டி நிறுத்துமிடத்தில் கன்டெய்னர் வைத்து அடுக்கியிருந்தார்கள். ஸ்கேனும் செய்கிறார்கள், வெறும் படமாக. வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட முடியாது. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். கஞ்சத்தனம் இல்லை. துப்பாக்கி வைத்திருப்போர் பதிவேடு அரசிடம் இருக்கவே கூடாது என்று 1986இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். பதிவேடு இருந்தால் அதைப் பார்த்தே அரசு துப்பாக்கிகளைப் பிடுங்கிவிடும் என்ற பயம்.

நம் பழைய இதழ்களுக்கு அகரவரிசை அட்டவணை கேட்டு வருஷக்கணக்கில் என்னோடு மல்லுக்கட்டும் திருச்சி வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். இடமில்லை, ஆளில்லை, கரையான் என்றெல்லாம் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கவலை இல்லை. ஐயா, அட்டவணை போட்டால் நாளைக்கே ஒரு சர்வாதிகாரி வந்து, நம் சிறுகதை எழுத்தாளர்களை 'அ' முதல் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அவர்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனால் நல்லது என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். அது வேறு விஷயம்.

எதுவுமே செய்வதில்லை என்கிறீர்களே, அது அபாண்டம். எவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்கள்! 1996இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டுவதற்கு அரசின் சுகாதார அமைப்பான நோய்க் கட்டுப்பாட்டு மையம் நிதியைச் செலவிடக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார்கள். அதோடு விட்டார்களா? முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆய்வுக்கு மையம் செலவழித்த 26 லட்சம் டாலரைப் பார்த்து, அதே தொகையை வேறு தலைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஆய்வு ஏறக்குறைய படுத்தேவிட்டது. விதியைக் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கியே பிற்காலத்தில் மனம் மாறி, ஆய்வு வேண்டும் என்று எழுதினார்.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்தார்கள். நாலு மாதம் கழித்து, துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் வாங்குபவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோற்றுவிட்டது! அங்கே 60 வேண்டுமாம். 'வெட்கக்கேடு' என்று பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பெண்கள் கத்தினார்கள். 2022இல், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டேயில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகள் போன பிறகு, ஒரு சின்னச் சட்டம் நிறைவேறியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுப் போய்விடும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். பயம் நியாயமானதுதான். 1996இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்ற 12 நாளில், பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் கடுமையான சட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி உடைத்தது. கூட்டணிக் கட்சித் தலைவர் டிம் ஃபிஷருக்குச் சொந்த ஆதரவாளர்களே கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள். சட்டத்தை ஆதரித்த குயின்ஸ்லாந்து முதல்வர் ராப் போர்பிட்ஜ் 1998 தேர்தலில் ஆட்சியையே பறிகொடுத்தார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று அடுத்து கேட்காதீர்கள். போட்டார்.