சுவர் ஏன் சாய்கிறது?

அன்புள்ள சார்,

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம், பேச்சில்லாமல் உடம்பால் மட்டும் நடிக்கும் மைம் அணியின் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏழு பிள்ளைகள், எட்டு நிமிடம், முகத்தில் வெள்ளை, உடம்பில் கறுப்பு டிஷர்ட். பிரெஞ்சு மைம் கலைஞர் மார்செல் மார்சோ, சாப்ளின், நம்மூர் சந்திரபாபு, நாகேஷ் என்று ரசித்துப் பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டி எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் சுவரைத் தடவினால் ஜன்னல் கண்ணாடி துடைக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. "முகபாவம் பத்தாது" என்று திட்டிப் பார்த்தும் பயனில்லை. போன போட்டியில் பாதியிலேயே மேக்கப் வேறு வழிந்துவிட்டது. யாரைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம்? நாகேஷுக்கு யார் மைம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

ம., தாம்பரம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முகபாவத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் முகத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. தேவைக்கு மேலேயே இருக்கும். சுவர் சாய்வதற்குக் காரணம் மணிக்கட்டு.

மார்சோவை நினைத்தால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த வெள்ளை முகமும் சிவப்புப் பூ செருகிய நசுங்கின தொப்பியும்தான். 1947இல் அவர் உருவாக்கிய 'பிப்' என்ற பாத்திரத்தின் வேஷம் அது. ஆனால் அவர் செய்ததிலேயே உச்சம் என்று நான் சொல்வது முகமூடி செய்பவனைப் பற்றிய துண்டு. கையால் முகத்தை மறைத்து எடுக்கிறான், சிரிப்பு முகமூடி. மறுபடி மறைத்து எடுக்கிறான், அழுகை முகமூடி. மாற்றி மாற்றிப் போட்டு விளையாடும்போது சிரிப்பு முகமூடி கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முகம் அசையாமல் சிரித்தபடியே நிற்க, கழுத்து, தோள், முதுகு எல்லாம் கதறுகின்றன. முகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு உடம்பை மட்டும் வைத்து ஒரு மனிதனின் பீதியைக் காட்டுவது அது. அவருடைய ஆசான் எத்தியென் தெக்ரூ (1898–1991) இன்னும் ஒரு படி மேலே போனவர். முகம் பேசிவிட்டால் உடம்பு சோம்பேறியாகிவிடும் என்று நடிகரின் முகத்தைத் துணியால் மூடிவிட்டே பயிற்சி கொடுப்பார். உங்கள் அணியிலும் ஒரு வாரம் முகத்தில் மெல்லிய துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் பாருங்கள். யார் உடம்பால் நடிக்கிறார்கள், யார் புருவத்தால் ஒப்பேற்றுகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

இனி சுவர். சுவரைக் காட்டுவது நகரும் கை அல்ல, நகராத கை. பிள்ளைகள் இரண்டு கையையும் சேர்த்து நகர்த்துவார்கள். அதனால்தான் துடைப்பதுபோல் தெரிகிறது. ஒரு கை ஒட்டினால் ஒட்டின இடத்தில் இருக்க வேண்டும். உடம்பு வேண்டுமானால் அதைத் தாண்டிப் போகலாம். வலது பக்கம் ஓரடி நகர வேண்டுமா? இடது கை அந்தரத்தில் அப்படியே நிற்கட்டும். கால் நகரும், இடுப்பு நகரும், அதற்கேற்ப இடது முழங்கை மட்டும் நீளும். முழங்கை நீட்டி முடிந்த பிறகுதான் அந்தக் கையை எடுக்கலாம்.

எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஒட்டியிருக்கும் கை விறைப்பாக இருக்கும். எடுக்கும்போது முதலில் விரல்கள் இளக வேண்டும், பிறகு உள்ளங்கை விலக வேண்டும், தளர்ந்த கையாகவே புது இடத்துக்குப் போக வேண்டும், தொடும் கணத்தில் விரல்கள் சட்டென்று விறைத்து நிற்க வேண்டும். அந்தச் சின்ன 'டக்' தான் சுவர். தொட்டபின் அரை விநாடியாவது நிறுத்தாவிட்டால் பின்வரிசைக்குச் சுவர் கிடையாது. கை போய்ச் சேருவதற்கு முன்பே விறைப்பாக இருந்தாலும் கிடையாது. தளர்வுக்கும் விறைப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் கண் 'தொட்டுவிட்டான்' என்று படிக்கிறது.

மணிக்கட்டுக்கு வருகிறேன். கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். மணிக்கட்டு 90 பாகை பின்னால் மடங்க வேண்டும். நிஜச் சுவரில் சாய்ந்தால் சுவரே அதை மடக்கிவிடும். காற்றில் தானாக மடக்கும்போது பலருக்கு 70க்கு மேல் வராது. மிச்சம் 20 பாகைதான் சுவரைச் சாய்க்கிறது. வழி சுலபம்: முழங்கையை மடக்கி, முன்கை மேல்நோக்கிச் சரிந்திருக்க, கையை நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அப்போது மணிக்கட்டு 50, 60 பாகை மடங்கினாலே உள்ளங்கை செங்குத்தாகிவிடும். தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் தடவும் வேலையெல்லாம் பிறகு.

பழக்குவதற்குக் கல்லூரி வராண்டாச் சுவரே போதும். பத்து நிமிடம் நிஜச் சுவரைத் தொட்டு நகரட்டும். உடனே ஓரடி பின்னால் வந்து அதையே காற்றில் செய்யட்டும். முன்னால் நின்று பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் போனை வைத்து எடுங்கள். திரையில் விரல்நுனிகள் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் விழுகின்றனவா என்று ஒரு ஸ்கேலை வைத்தே பார்த்துவிடலாம்.

கயிறு இழுப்பதிலும் இதே விதி. இரண்டு கைக்கும் நடுவில் உள்ள தூரம் இழுக்கும்போது மாறினால் அது கயிறு இல்லை, ரப்பர். முஷ்டியை முழுசாக மூடிவிட்டால் கயிற்றுக்கு இடமே இல்லை. இவ்வளவு போதும்.

நடை கொஞ்சம் கஷ்டம். நின்ற இடத்திலேயே நடப்பதுபோல் காட்டுவதை தெக்ரூவும் அவரிடம் பயின்ற நடிகர் ழான்-லூயி பாரோவும் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பிரித்து உருவாக்கினார்கள். மார்சோ காற்றை எதிர்த்து நடக்கும் புகழ்பெற்ற துண்டு அதன் மேல் நிற்பது. சூட்சுமம் இதுதான்: எடை தாங்குவதுபோல் தெரிகிற கால் எடை தாங்குவதில்லை. குதிகாலைத் தூக்கி, முழங்கால் லேசாக மடங்கி, பாதத்தின் முன்பகுதியில் நிற்கிற கால்தான் உடம்பைச் சுமக்கிறது. நேராக, தட்டையாக இருக்கிற மற்றக் கால் தரையை உரசியபடி பின்னால் சறுக்குகிறது. கடைசிவரை போனதும் அது மடங்கி முன்னால் வந்து, முன்பாதத்தை ஊன்றி எடையை வாங்கிக்கொள்ளும். இப்போது முதல் கால் குதிகாலை இறக்கி, நீண்டு, பின்னால் சறுக்கும். மூன்வாக் ஆடத் தெரிந்த பையன் உங்கள் அணியில் நிச்சயம் ஒருவன் இருப்பான். எடை மாற்றும் சங்கதி அதிலும் இதேதான், அவனையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தப்பு எங்கே வரும் என்றால் தலையில். எடை மாறும்போதெல்லாம் தலை ஏறி இறங்கினால் நொண்டுவதுபோல் ஆகிவிடும். இது பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டிய காரியம் என்பதும் முக்கியம். சபையைப் பார்த்து நின்று நடந்தால் பாதி வித்தை வீண்.

பொருளைப் பிடிக்கும் பயிற்சிக்கு வெளிநாட்டு வீடியோக்களில் ஒயின் கோப்பையை வைத்துக் காட்டுவார்கள். நமக்கு எதற்கு? டபராவும் டம்ளரும் இருக்கின்றன. ஃபில்டர் காபி ஆற்றுவதை மட்டும் ஒரு மாதம் செய்தாலே போதும், ஒரு மைம் கலைஞனுக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் வந்துவிடும். சூடு இருப்பதால் டம்ளரை விளிம்பில்தான் பிடிக்க முடியும், கட்டைவிரலும் இரண்டு விரலும். முழுக் கையால் பிடித்தால் காபி ஆறிப்போனது என்று அர்த்தம். ஆற்றும்போது டம்ளர் கை ஏறும், டபரா கை இறங்கும், கண் அந்தத் தாரையோடு இறங்க வேண்டும். ஏறிய கை போகப்போக லேசாகும், இறங்கிய கை கனக்கும். இந்த எடை மாற்றத்தைத் தோளில் காட்டாவிட்டால் வெறும் கையாட்டல்தான். மணிக்கட்டைத் திருப்பாமல் டம்ளரை நிமிர்த்தியபடியே ஊற்றுகிறவர்கள் நிறைய. குடிப்பதை அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்கள். உதட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி, தொண்டைக்குழி ஏறி இறங்க வேண்டும். கடைசியில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: டம்ளரைக் கீழே வைப்பது. எடுத்தபோது மேசை எந்த உயரமோ அதே உயரத்தில் வைத்து, விரலை அகல விரித்து விட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அப்படி விடாமல் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்தால் காபி தலையில் கொட்டிவிட்டது.

வீட்டுக்காரர் கேள்வி நியாயமானது. நாகேஷோ சந்திரபாபுவோ தெக்ரூ வழி மைம் நடிகர்கள் கிடையாது. ஆனால் 1965இல் வந்த 'திருவிளையாட'லில் தருமியாக நாகேஷ் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் இடத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனத்துக்காகவே புகழ்பெற்ற காட்சி, வசனம் இல்லாமலும் நிற்கிறது. எலும்பே இல்லாததுபோல் ஆடும் அந்த உடம்பு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நிற்கும் இடத்தில்தான் சிரிப்பு. இதற்கு முந்தைய வருடம் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் கதை சொல்ல, பாலையா கேட்கிறார். அதில் பெரும் பங்குச் சிரிப்பை வாங்கிக்கொண்டு போகிறவர் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். உங்கள் ஏழு பேரில் 'ஒன்றும் செய்யாமல்' நிற்கும் மூன்று பேருக்கு இதைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். 1987இல் வந்த 'பேசும் பட'த்தில் வசனமே இல்லை என்பதால் அதையும் மைம் என்பார்கள். என் கணக்கில் அது வேறு. அங்கே நாற்காலி நாற்காலியாகவே இருக்கிறது. இல்லாததை இருப்பதாக்குவதுதான் நாம் பேசுகிற வித்தை.

பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைச் (1918–1984) சேர்க்காமல் சென்னையில் இதைப் பற்றி எழுதுவது அபசாரம். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ஆவணப்படத்தில் கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' அபிநயிக்கிறார். கூப்பிடும் கையைவிட, கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் உடம்பைப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அணியில் பரதம் படித்த பிள்ளைகள் இருந்தால் சுவர் கேட்டால் பதாகம் என்ற முத்திரையைக் காட்டுவார்கள். கட்டைவிரல் ஒட்டி மடங்கி, அழகாக, அடையாளமாக இருக்கும். அபிநயத்தில் பாட்டு பொருளைச் சொல்லிவிடுகிறது, முத்திரை அதை அலங்கரித்தால் போதும். மைமில் பாட்டு கிடையாது. கை சுவரைக் குறிப்பிட்டால் போதாது, சுவர் அந்தக் கையைத் தடுக்க வேண்டும். அவர்களுக்கு விரல்களை அகற்றி வைக்கப் பழக்க ஒரு வாரம் கூடுதலாகும். மற்றபடி உடம்பைப் பிடித்து நிறுத்துவதில் அவர்கள்தான் கெட்டி.

ஏழு பேர் என்றால் மாநகரப் பேருந்து ஒன்றைச் செய்து பாருங்கள். மேலே கம்பியைப் பிடித்த முஷ்டி எல்லோருக்கும் ஒரே உயரத்தில், அசையாமல். பஸ் கிளம்பினால் உடம்பு பின்னால், பிரேக் போட்டால் முன்னால், இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம். பாதி அணிகள் திரும்பும் பக்கமே சாய்ந்து கெடுக்கின்றன. ஆளாளுக்கு ஒரு தாளத்தில் ஆடுவது அடுத்த வினை. எல்லோர் கண்ணிலும் படுகிற முன்வரிசைப் பிள்ளை ஒன்று மூச்சை இழுக்கும்போது மற்றவர்கள் சாயத் தொடங்கட்டும். எண்ணிக்கை சொல்லிப் பழக்கினால் உதடு எண்ணத் தொடங்கிவிடும். வெள்ளை முகத்தில் உதடு அசைவது ஐம்பதடி தள்ளித் தெரியும்.

மேக்கப் வழிந்ததற்குக் காரணம், அநேகமாக நீங்கள் தண்ணீரில் குழைக்கும் கேக் வாங்கியிருப்பீர்கள். பூசுவது சுலபம், நம்மூர் வியர்வையில் கரைவதும் சுலபம். எண்ணெய்ப் பதமுள்ள வெள்ளையை மெல்லிய பூச்சாகப் பூசி, மேலே வாசனையில்லாத பவுடரைப் பஞ்சால் அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பவுடர் போடாத எண்ணெய் வெள்ளை, கை பட்டதும் டிஷர்ட்டில் ஒட்டும். கூத்துக்காரர்கள் முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டு விடியவிடிய ஆடுவது இந்தத் தர்க்கத்தில்தான். பூசுவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் முகத்தைத் துடையுங்கள். முதலில் வியர்ப்பது மேலுதடு, அங்கே பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கட்டும். வெள்ளை தாடைக் கோட்டோடு நிற்க வேண்டும். காதுக்கும் கழுத்துக்கும் போகக் கூடாது, விளிம்பு தெரிந்தால்தான் அது முகமூடி. போஸ்டர் கலர் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் வெடிக்கும், தோலும் எரியும். கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெய், பஞ்சு, அப்புறம்தான் சோப்பு.

நீங்கள் கேட்காத ஒன்று: டிராக். சினிமாப் பாட்டுத் துண்டுகளையும் கண்ணாடி உடையும் சத்தங்களையும் ஒட்டிய அந்த எட்டு நிமிட ஆடியோவைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்புவரை பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கதை தெரியாத யாராவது ஒருவரை, அலுவலக உதவியாளராக இருந்தாலும் சரி, உட்காரவைத்து ஒலியில்லாமல் செய்துகாட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவருக்குப் புரியாத இடங்களில் பிள்ளைகள் இசையைச் சேர்க்கத்தான் பார்ப்பார்கள். அங்கே அசைவுகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.