சீன வெண்கலப் பாத்திரங்களில் மிருகங்கள்: கேள்வி பதில்

போன வாரம் ஷாங் காலத்து (3000 வருஷத்துக்கு முன் சீனாவை ஆண்ட அரச வம்சம்) மதுப் பாத்திரம் ஒன்றின் படத்தைப் போட்டதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவே இல்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், பாத்திரத்தில் முறைத்துப் பார்க்கிற அந்த முகம் சிங்கமா?

இல்லை. சிங்கம் சீனாவுக்கு வந்து சேர்ந்ததே ஹான் வம்சக் காலத்தில்தான், சுமார் 2000 வருஷம் முன்னால். இதைத் தாவ்தியே என்பார்கள். படத்தைப் பெரிதாக்கி, முகத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்: ஒற்றைக் கண், ஒரு கால், சுருண்ட வால் என்று பக்கவாட்டில் நிற்கிற ஒரு டிராகன் தெரியும். கையை எடுத்தால் எதிரெதிரே நிற்கிற இரண்டும் சேர்ந்து ஒரே முகமாகிவிடும், கீழ்த்தாடை மட்டும் இருக்காது. கொம்பு ஒரு பாத்திரத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி, இன்னொரு பாத்திரத்தில் மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கும், அதனால் இன்ன மிருகம் என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

கேள்வி: தாவ்தியே என்றால் பெருந்தீனிக்காரன் என்று படித்தேன். அளவோடு சாப்பிடு என்கிற எச்சரிக்கையா?

எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தாவ்தியேவுக்குத் தலை உண்டு உடல் இல்லை, மனிதனைத் தின்னப்போய் விழுங்குவதற்குள் தனக்கே கேடு தேடிக்கொண்டது என்ற கதை லூஷி சுன்சியூ என்ற நூலில் வருகிறது. அது பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டு நூல், அப்போது ஷாங் ஆட்சி முடிந்தே சுமார் 800 வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெயரை இந்த முகத்துக்கு ஒட்டியவர்கள் அதற்கும் வெகுகாலம் பின்னால் வந்த சோங் வம்சக் காலத்துப் (சுமார் 1000 வருஷம் முன்) பழம்பொருள் ஆர்வலர்கள்.

கேள்வி: அப்படியென்றால் வெறும் அலங்காரம்தானா அண்ணா?

கலை வரலாற்றாளர் மாக்ஸ் லோர் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார், கோடுகளும் சுழிகளும் வளர்ந்து முகமாயின, பின்னால் அர்த்தம் தேடாதீர்கள் என்று. தொல்லியலாளர் சாங் குவாங்-சி நேர் எதிர்: பூசாரிகள் செத்துப்போன முன்னோரோடு பேச இந்த மிருகங்கள்தான் துணை என்றார். முன்னோருக்கு மதுவும் இறைச்சியும் படைத்த பாத்திரத்தில் அத்தனை பெரிய கண்களைச் சும்மா வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புலி என்றால் வீரம், ஆடு என்றால் சாந்தம் என்று பட்டியல் போட்டுவிடவும் முடியாது. பாரிஸில் செர்னுஸ்கி அருங்காட்சியகத்தில் ஒரு புலிப் பாத்திரம் இருக்கிறது, ஜோடி மாதிரி இன்னொன்று கியோட்டோவில். புலியின் திறந்த வாய்க்குக் கீழே ஒரு மனிதன், அதன் மார்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறான், முகத்தில் பயமே இல்லை. புலி அவனைத் தின்னுகிறதா, காக்கிறதா? இன்றுவரை சண்டை ஓயவில்லை.

கேள்வி: ஆந்தை அபசகுனம் இல்லையா, அதை ஏன் ராணியின் கல்லறையில் வைத்தார்கள்?

ஃபூ ஹாவைச் சொல்கிறீர்கள். ஷாங் அரசர் வூ திங்கின் மனைவி, படை நடத்தியவர். 1976இல், ஷாங் தலைநகர் இருந்த அன்யாங்கில் அவர் கல்லறை கொள்ளை போகாமல் அப்படியே கிடைத்தது, வெண்கலப் பொருட்களே 460க்கு மேல். அதில் இரண்டு ஆந்தைப் பாத்திரங்கள், சுமார் ஒரு முழ உயரம்தான். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிய வாலையும் சேர்த்து மூன்று காலாக நிற்கும், தலையின் பின்பக்கம்தான் மூடி, அதன்மேல் ஒரு குட்டிப் பறவை. தாயையே தின்னும் பறவை என்று ஆந்தைக்குக் கெட்ட பெயர் வந்தது பிற்பாடு. ஷாங் காரர்களுக்கு அது மரியாதைக்குரிய பறவையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: பச்சை வர்ணம் எதைக் குறிக்கிறது?

எதையும் இல்லை, காலப்போக்கில் வெண்கலத்தில் ஏறிய களிம்பு. புதிதில் பொன் மாதிரி மின்னியிருக்கும்.

கேள்வி: அர்த்தம் உறுதியாகத் தெரிந்த மிருகம் ஒன்றாவது உண்டா சார்?

உண்டு, ஹான் காலக் கண்ணாடிகளுக்கு வாருங்கள். கண்ணாடி என்றால் ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கிய வெண்கலத் தட்டு. அதன் பின்புறத்தில் கிழக்குக்கு நீல டிராகன், மேற்குக்கு வெள்ளைப் புலி, தெற்குக்குச் சிவப்புப் பறவை, வடக்குக்குப் பாம்பு சுற்றிய ஆமை. நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை, பலவற்றில் விளிம்பைச் சுற்றி எழுதியே வைத்திருக்கிறார்கள்: இடப்பக்க டிராகனும் வலப்பக்கப் புலியும் தீமையை விரட்டும், சிவப்புப் பறவையும் ஆமையும் உலகின் எதிரெதிர் சக்திகளான யின், யாங் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும்.

கேள்வி: அப்பா வாங்கி வந்த தாவ்தியே பாத்திரம் 3000 வருஷப் பழசாம். உண்மையா?

விலையைச் சொல்லாமல் கேட்கிறீர்களே! சீனாவிலேயே சோங் காலம் தொட்டு இவற்றுக்கு நகல் செய்துவருகிறார்கள். பூச்சாடியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நன்றாகவே இருக்கும்.