மூன்று பிக்கப்பையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: சார், என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் வடிவ எச்எஸ்எஸ் எலக்ட்ரிக் கிட்டார். அதாவது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று: பிரிட்ஜில் (கம்பிகள் முடியும் பக்கம்) இரட்டைச் சுருள் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் (கழுத்துப் பக்கம்) ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில். 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், முகூர்த்த மாதங்களில் இன்னிசைக் கச்சேரி, மற்ற நேரம் நண்பர்களோடு ராக். பிரிட்ஜ் பிக்கப்பில் டிஸ்டார்ஷன் (ராக் பாட்டின் கரகர ஒலி) போட்டால் குழகுழவென்று கேட்கிறது. சர்ச்சில் மிக்சரில் நேராகச் செருகினால் சத்தம் போர்வை போர்த்தியதுபோல மந்தமாக இருக்கிறது. மண்டபங்களில் ஒரே இரைச்சல். கடையில் "மூணையும் கழட்டிட்டு 17 கே (கிலோ ஓம்) ஹாட் (சத்தம் அதிகம் தரும்) செட் போட்டுடலாம், எல்லா சவுண்டும் வரும்" என்று கூலியோடு 28,000 கேட்கிறார்கள். போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். கிட்டார் விலையைத் தாண்டிச் செலவு செய்யச் சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் மூன்று குறைகளில் எது பிக்கப்பை மாற்றினால் தீரும் என்பதை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒன்றுதான். அதுவும் பாதி.

சர்ச் மிக்சரில் சத்தம் மந்தமாக இருப்பதற்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் மிகப் பலவீனமான மின்சாரத்தைத்தான் தருகிறது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி கிட்டத்தட்ட எதையும் இழுக்காமல் இருக்க வேண்டும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாய் அதற்காகவே சுமார் 10 லட்சம் ஓம் தடையோடு செய்யப்படுகிறது. மிக்சரில் கீபோர்டு செருகும் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம், மிஞ்சிப்போனால் சில பத்தாயிரம். அதில் கிட்டாரை நேராகச் செருகினால் ட்ரெபிள் முழுவதும் அங்கேயே செத்துவிடும். எந்த பிராண்ட் பிக்கப் போட்டாலும் இதே கதைதான். இடையில் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டாரின் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சாரத்தில் ஓடும் சிறு பெட்டி) ஒன்று வையுங்கள், அல்லது உங்கள் மல்டி எஃபெக்ட்ஸ் வழியாகப் போங்கள். மிக்சரிலேயே 'ஹை இசட்' (அதிகத் தடை) பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். கீபோர்டுக்காரர் வைத்திருப்பது பேசிவ் டிஐ (மின்சாரம் தேவைப்படாத வகை) ஆக இருந்தால் முழுப் பலன் கிடைக்காது, நேராகச் செருகுவதற்கு அது தேவலாம். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எத்தனை பேருக்குப் புது பிக்கப் விற்றிருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அடுத்தது இரைச்சல். நெக்கிலும் நடுவிலும் உள்ள சிங்கிள் காயில் இரண்டும் ஒற்றைச் சுருள். அறையில் உள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகலை ஆன்டெனா போலப் பிடிக்கும், அது அவற்றின் பிறவிக் குணம். இன்னும் விலை உயர்ந்த ஒற்றைச் சுருள் வாங்கினாலும் முனகத்தான் செய்யும். ஸ்விட்சை நெக் பக்கத்திலிருந்து இரண்டாவது இடத்தில், அதாவது நெக்கும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் உங்கள் நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்முனையில் செய்யப்பட்டது, அதனால் இரண்டின் முனகலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நல்ல விஷயம், மண்டபத்தில் அந்த இடத்திலேயே வாசியுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது சாதாரணம். தொட்டால் கூடுகிறதா, சுரீர் என்கிறதா? உடனே கையை எடுங்கள், மண்டபத்தின் எர்த் சரியில்லை. இரைச்சல் போகும் என்று ஆம்ப் பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிடும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. இரைச்சல் போகலாம், கூடவே ஆளும் போகலாம். யார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அதைச் செய்ய விடாதீர்கள்.

மிச்சம் இருப்பது குழகுழ பிரிட்ஜ். பணம் எடுப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். கடைசி ஃபிரெட்டில் தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் தரும் தொடக்க அளவு ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6 மி.மீ. சாதாரண சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2, மெல்லிய பக்கம் 1.6. விலை குறைந்த கிட்டார்களில் ஹம்பக்கர் கம்பியை முத்தமிடுகிற உயரத்தில் வருவது சகஜம். தடித்த கம்பிப் பக்கத்தை அரைத் திருப்பு இறக்குங்கள், பெடலில் கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) கொஞ்சம் குறையுங்கள். அதற்குப் பிறகும் குழகுழப்பு இருந்தால் சரி, பிக்கப் மாற்றலாம். ஒன்றே ஒன்று.

இப்போது அந்த '17 கே' பற்றி. கடைக்காரர்கள் இதைக் குதிரைசக்தி போலச் சொல்கிறார்கள். அது சுருளின் மின்தடை, அவ்வளவுதான். சுருளில் சுற்றிய கம்பி மெல்லியதானால் அதே சுற்றுக்கு ஓம் எகிறும். காந்தமும் சுற்று எண்ணிக்கையும்தான் வெளியீட்டில் பெரும் பங்கு வகிக்கின்றன. பிக்கப் செய்யும் டிமார்சியோ நிறுவனமே தன் மாடல்களுக்கு வெளியிடும் அளவுகளைப் பாருங்கள். டோன் ஸோன் சுமார் 17 கிலோ ஓம், வெளியீடு 375 மில்லிவோல்ட். சூப்பர் டிஸ்டார்ஷன் 14-க்கும் குறைவான கிலோ ஓம், வெளியீடு 425. ஓம் குறைந்தது அதிகமாகக் கத்துகிறது! இனி யாராவது ஓம் எண்ணைச் சொல்லி விலை கூட்டினால் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

ஒரே குடும்பப் பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் ஓம் உதவும். உங்களிடம் இருப்பது என்ன என்று கிட்டாரைத் திறக்காமலே பார்க்கலாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வைத்து 20 கே அளவில் படியுங்கள். சிங்கிள் காயில் 6 கிலோ ஓம் அருகில் காட்டும். இரண்டு சிங்கிள் காயில் சேர்ந்த இடத்தில் அதில் பாதி. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் எண் தாறுமாறாக வந்தால் அந்த பிக்கப்போ இணைப்போ கெட்டிருக்கிறது. இந்த அளவை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பல வகைப் பாட்டுக்கு ஒரே கிட்டார் என்றால், மூன்று பிக்கப்பும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமான சத்தத்தில் இருக்க வேண்டும். பிரிட்ஜில் மிக ஹாட்டான ஒன்றைப் போட்டு நெக்கில் சாதாரண சிங்கிள் காயிலை விட்டால், சோலோ முடித்து மெலடிக்கு ஸ்விட்சைத் தள்ளும்போது கிட்டார் காணாமல் போய்விடும். மிக்சர் ஆள் ஏற்றுவார், நீங்கள் திரும்ப பிரிட்ஜுக்கு வந்தால் முன்வரிசை காதைப் பொத்தும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது 8 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் உள்ள, ஆல்நிகோ 5 (ஓர் உலோகக் கலவை) காந்த ஹம்பக்கர். சீமோர் டங்கன் 59, டிமார்சியோ பிஏஎஃப் ப்ரோ மாதிரியானவை. இவற்றில் கெயினைப் பெடலால் ஏற்றிக்கொள்ளலாம். பிறவியிலேயே கத்தும் பிக்கப்பை எந்தப் பெடலாலும் முழுக்க அடக்க முடியாது. நெக்கும் நடுவும் இருப்பதே இருக்கட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'எல்லா சவுண்டும்' என்ற ஆசையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஹம்பக்கருக்குள் இரண்டு சுருள்கள். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஒலிக்க வைப்பதைக் காயில் ஸ்பிளிட் என்பார்கள். டோன் கன்ட்ரோலை மேலே இழுத்தால் ஸ்பிளிட் ஆகும்படி புஷ் புல் பாட் (இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்யும் குமிழ்) போட்டுத் தருவார்கள். காகிதத்தில் பிரமாதம். ஆனால் 8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பிளந்தால் மிஞ்சுவது 4. நிஜ சிங்கிள் காயிலே 6 என்றால் இது மெலிந்து, சத்தம் குன்றி, தகரம்போல ஒலிக்கும். அதோடு பழைய முனகலும் திரும்பி வந்துவிடும். ஆக, ஸ்பிளிட் ஒலிதான் உங்களுக்கு உயிர் என்றால் மட்டும் கொஞ்சம் ஹாட்டானதை எடுக்கலாம். 14 கிலோ ஓம் வகை பிளந்தால் 7 கிடைக்கும், அது நெக்கோடு ஒட்டிப்போகும். ஆனால் பிளக்காதபோது நெக்கை அமுக்கும் என்று மேலே சொன்னேனே, அது அப்படியே நிற்கும். பிக்கப்பைச் சற்று இறக்கி வைத்துச் சமாளிக்கலாம், முழுத் தீர்வு அல்ல. இன்னொரு வழி, அதே புஷ் புல்லில் ஸ்பிளிட்டுக்குப் பதில் பேரலல் இணைப்புக் கேளுங்கள். இரண்டு சுருளும் வேலை செய்யும், இரைச்சல் வராது, ஒலி பளிச்சென்று சிங்கிள் காயில் பக்கம் சாயும். உங்கள் கச்சேரிக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. எந்தக் கடையும் தானாக இதைச் சொல்லாது, அந்தக் குமிழில் இரண்டு இணைப்பு கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பதால்.

ஸ்பிளிட்டோ பேரலலோ, பிக்கப்பிலிருந்து நான்கு வண்ணக் கம்பியும் ஓர் உறையில்லாக் கம்பியும் வந்தால்தான் நடக்கும். பின்னல் உலோக உறைக்குள் ஒற்றைக் கம்பி வரும் பழைய பாணி ஹம்பக்கரை வாங்கிவிட்டால் அப்படியே பிளக்க முடியாது. அதை மாற்ற வேண்டும் என்றால் பிக்கப்பையே பிரிக்க வேண்டும். விலைப்பட்டியலில் 'ஃபோர் கண்டக்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். இன்னொரு விவரம், ஸ்ட்ராட் வடிவ கிட்டாரின் பிரிட்ஜில் கம்பிகள் கிப்சன் கிட்டாரைவிட அகலமாக ஓடும். இப்போதுள்ள பிரிட்ஜ் பிக்கப்பில் முதல் முனையின் மையத்திலிருந்து ஆறாவது முனையின் மையம் வரை ஸ்கேல் வைத்து அளங்கள். 48 முதல் 50 மி.மீ. வரை என்றால் கிப்சன் இடைவெளி. 51 முதல் 53 வரை என்றால் அகல வகை. அதை டிமார்சியோ 'எஃப் ஸ்பேஸ்டு' என்றும் டங்கன் 'ட்ரெம்பக்கர்' என்றும் விற்கிறார்கள்.

பொருத்தும்போது வரும் கோளாறு வண்ணத்தில். டங்கனில் கருப்பு சூடான கம்பி (சத்தத்தை வெளியே கொண்டுபோவது), சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கப்பட வேண்டியவை, பச்சை எர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு சூடான கம்பி, கருப்பும் வெள்ளையும் சேர வேண்டியவை, பச்சை எர்த்துக்கு. எல்லாம் ஒன்றுதான் என்று பழக்கத்தில் பற்றவைக்கும் கை ஒரு சுருளையே ஊமையாக்கிவிடலாம். வேலை முடிந்ததும் பிரிட்ஜையும் நடுவையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மூக்கடைத்து, பாஸ் இல்லாமல் ஒலித்தால் இரண்டும் எதிரெதிர் முகமாக இணைந்திருக்கின்றன. கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள், பற்றவைத்த இணைப்புக் கம்பிகளை இடம் மாற்றினால் போதும். அப்புறம், வால்யூம் பாட்டின் முதுகில் 250 என்றோ 500 என்றோ அச்சிட்டிருக்கும். 250 இருந்தால் ஹம்பக்கர் சற்று மங்கும், 500 போட்டால் சிங்கிள் காயில்கள் கொஞ்சம் கூர்மையாகும். நான் 500 போடுவேன், கூர்மை பிடிக்காவிட்டால் டோன் இருக்கவே இருக்கிறது.

போலி விஷயத்தில் பெட்டியை நம்பாதீர்கள். பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சடிப்பது பிக்கப் செய்வதைவிட எளிது. 'ஆல்நிகோ சிங்கிள் காயில்' என்று தந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் நீளமான செவ்வகக் காந்தம் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் செராமிக், மேலே தெரியும் ஆறு முனைகளும் வெறும் இரும்பு. ஆல்நிகோ என்றால் ஆறு முனையும் தனித்தனிக் காந்தத் தண்டுகளாக அடிவரை வந்திருக்கும். செராமிக் தப்பு அல்ல, ஆல்நிகோ விலைக்குச் செராமிக் தருவதுதான் தப்பு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவு என்பார்கள். சுங்கவரி, அதன்மேல் ஜிஎஸ்டி, அதன்மேல் கூரியர்காரரின் 'கையாளும் கட்டணம்' எல்லாம் வாசலில் வந்து நிற்கும். ஒரு சிறிய பெட்டிக்கு என்ன வரி என்று முன்கூட்டியே ஒழுங்காகச் சொல்ல ஒருவரும் இல்லை, கட்டிய பிறகு ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே உள்ள விநியோகஸ்தரிடம் கேட்டால் 'அட்வான்ஸ் கட்டுங்க, வந்ததும் சொல்றோம்' என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. எழுத்தில் தேதி வாங்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

கழற்றிய பழைய ஹம்பக்கரையும் வால்யூம் பாட்டையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "அது வேஸ்ட் சார், இங்கேயே இருக்கட்டும்" என்பார்கள். அது அடுத்த வாரம் வேறு யாருடைய கிட்டாரிலோ 'இம்போர்ட்டட்' ஆகிவிடும். பில்லில் பிக்கப்பின் மாடல் எண்ணும் கூலியும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பிக்கப் மாற்றிய அன்றே புதுக் கம்பிகளும் போட்டுவிடாதீர்கள். பழைய கம்பியில் ஒரு நாள் கேட்டுவிட்டு அப்புறம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது.